நாற்பத்தெட்டில் நின்ற முள்

அத்தியாயம் ஐந்து

காலை ஏழு மணிக்கு முல்லைத்தீவிலிருந்து புறப்பட்டபோது கொன்ஸ்ரன்ரைனிடம் பத்து மணித்தியாலங்கள் இருந்தன. அவற்றில் இரண்டை, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் தெருவை மறித்து நின்ற ஒற்றை யானை எடுத்துக்கொண்டது. காற்றிழந்த பின்சில்லு மேலும் ஒன்றை எடுத்துக்கொண்டது.

“யானையிட்டை லைசென்ஸ் கேட்டுப் பாப்பமோ, சேர்?” என்று மஸாஹிர் கேட்டிருந்தான்.

“கேள். நான் காருக்குள்ளை இருந்து பாக்கிறன்.”

அவர்கள் நெடுங்கேணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் முல்லைத்தீவுக் கரையோரத்தவர். இருபத்தாறு ஆண்டுகள் பொலிஸில் பணியாற்றிப் பரிசோதகராக ஓய்வுபெற்றவர். இப்போது தனியார் துப்பறிவாளர். மஸாஹிர் வவுனியாக்காரன். அவருக்குச் சாரதி, உதவியாளன். அவனே சொல்வதன்படி, மூளையும் அவன்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநான்காம் ஆண்டு ஆவணி மாதம். மழையைக் கண்டு ஐந்து மாதங்களாகியிருந்தன. நெடுங்கேணிச் சந்தைக்குப் பின்னால், தகரக் கூரையிட்ட மின்நிலையத்தின் படலைக் கதவடியில், நாகேஸ்வரி வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சில அடி தள்ளி, வேப்பமர நிழலில் ஒரு கதிரையைப் போட்டு, பொலிஸ் கொன்ஸ்ரபிள் ஒருவர் அமர்ந்திருந்தார்.

“ஐயா, ஜீப் அஞ்சு மணிக்கு வருமாம்,” என்றாள். வணக்கம் சொல்ல மறந்திருந்தாள்.

வழக்கு மூன்று வரிகளில் அடங்கியது. நாகேஸ்வரியின் கணவர் ஏரம்பு ஒன்பது ஆண்டுகளாக இந்த நிலையத்தின் டீசல் இஞ்சினை இயக்குபவர். கடந்த இருபத்திரண்டு மாதங்களில் ஊரின் மின் இணைப்புகள் அறுபதிலிருந்து நூற்று நாற்பதாயின. இஞ்சின் குடித்த டீசலும் இரு மடங்காயிற்று. ஆனால், ஊர் ஒரே வேளையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைக் காட்டும் மீற்றரின் முள், ஏரம்புவின் பதிவேட்டின்படி, எந்த நாளும் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை.

கொழும்பிலிருந்த அதிகாரிகள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஊரின் தேவை வளரவில்லையென்றால் மேலதிக டீசல் இஞ்சினுக்குப் போகவில்லை, விற்கப்பட்டிருக்கிறது. விசாரணை மாலை நான்கு மணிக்கு.

உள்ளே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏரம்பு மெலிந்த மனிதர்; இடது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பொன்று பளபளத்தது. பதிவேட்டைத் துணியால் ஒருமுறை துடைத்தபிறகே நீட்டினார்.

“இந்த நாற்பத்தெட்டெல்லாம் உங்கட கையெழுத்தோ?” என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.

“ஓம், ஐயா. முள் நிண்ட இடத்தைத்தான் எழுதினனான்.”

“சிவப்புக் கோடு ஐம்பதிலை இருக்குது.”

“அது செய்தவன் போட்ட கோடு. நாற்பத்தெட்டுக்கு மேலை போனால் இவன் நடுங்குவான். அது கொழும்பிலை ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.”

“இணைப்பு இரட்டிச்சும் முள் அசையேல்லை. ஏனெண்டு யோசிக்கேல்லையோ?”

ஏரம்பு இஞ்சினின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அன்று தோன்றிய ஒரே நிம்மதி அப்போதுதான் தோன்றியது.

“நல்லாப் பராமரிச்சால் கட்டுக்குள்ளை நிக்கும், ஐயா. முந்தி ஒரு கிழமையிலை மூண்டுதரம் நிண்டு போகும். கை வெந்ததும் அப்பதான். பேந்து வால்வு, டீசல் வடி எல்லாம் நானே கழட்டிப் பூட்டினன். அண்டையிலயிருந்து ஒருநாளும் நிண்டதில்லை.”

மின்பொறியியல் கற்ற எவரும் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார். ஏரம்பு அதைக் கற்றவரல்லர், இஞ்சினோடு வாழ்ந்தவர்.

வெளியே வந்ததும் கொன்ஸ்ரன்ரைன் காரின் நிழலில் நின்றார். “புத்தகம் பொய்யெண்டால் அவர் பொய் எழுதினவர். மெய்யெண்டால் டீசல் கள்ளர். ரெண்டு வாசலிலையும் ஒரே ஜீப்தான் நிக்குது.”

“மூண்டாவது வாசல் இல்லையோ, சேர்?”

“அதைத் தேடத்தான் வந்தனாங்கள். நீ போய்க் கள்ள டீசல் வாங்கிக்கொண்டு வா.”

மஸாஹிர் முக்கால் மணித்தியாலத்தில் வெறுங்கையுடன் திரும்பினான்.

“ஏழு ட்றக்ரர்க்காரரிட்டைக் கேட்டன். ரெண்டு பேர் ஏசினவை. மூண்டு பேர், அவசரமெண்டால் எங்கட பீப்பாவிலை எடுங்கோ, காசு வேண்டாம் எண்டவை. ஒராள் சாப்பிட்டிட்டுப் போகச் சொன்னார்.”

“ஏழாவது ஆள்?”

“அவர் என்னட்டை டீசல் இருக்கோ எண்டு கேட்டவர்.”

“கள்ள டீசல் ஓடுற ஊரிலை டீசல் தட்டுப்பாடு வராது,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். “காரை எடு. கரண்டை நிறையக் குடிக்கிறது ஆர் எண்டு பாப்பம்.”

நிறையக் குடிப்பது கச்சு முகம்மதுவின் நெல் மில். அவர்கள் அங்கே சென்றபோது மணி பன்னிரண்டரையாகச் சில வினாடிகள் இருந்தன. பன்னிரண்டு பெண்கள் நெல்லுக் கடகங்களுடன் வரிசையில் இருந்தார்கள். முன்னால் நின்றவளுடைய மூட்டையில் பாதி அரிசியாகியிருந்தது. கச்சு முகம்மது சுவரிலிருந்த மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் சுவிச்சை இழுத்தார். மில் முனகி நின்றது.

“கச்சு நானா, கரண்ட் போயிட்டுதோ?” என்றான் மஸாஹிர்.

“இல்லையே.” கூரையில் தொங்கிய பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“பட்டி அறுந்து போச்சோ?”

“இல்லை.”

“பின்னை ஏன் நிப்பாட்டினனீங்கள்?”

“மில்லுக்கும் இளைக்கும், தம்பி.”

சுவிச்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளமான பாலைத் தடியொன்று ஆணியில் தொங்கியது. அதன் ஒரு நுனியில் ஏழு வெட்டுகள் இருந்தன. சைக்கிளில் வந்து இறங்கிய ஒருவர் அதை எடுத்தார்; கச்சு முகம்மதுவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்; சைக்கிள் போய்விட்டது.

“என்ன தடி, நானா?” என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.

“மாடு கலைக்க.”

“மில்லுக்குள்ளை மாடு இருக்கோ?”

“இல்லாதபடியால்தானே குடுத்துவிட்டனான்.”

காரில் ஏறியதும் மஸாஹிர், “நானா வடிவாப் பொய் சொல்லுறார், சேர்,” என்றான்.

“சொல்லட்டும். எனக்குச் சாட்சி அவர் இல்லை, அந்தப் பெண்டுகள். பாதி நெல்லு அரைபட்டு நிக்கேக்கை மில்லை நிப்பாட்டினால் சனம் என்ன செய்யும்?”

“எங்கட ஊரெண்டால் மில்காரரின்ர ஏழு தலைமுறையையும் விசாரிக்கும்.”

“இஞ்ச ஒருத்தி வாய் திறக்கேல்லை. ஒருத்தி கடகத்துக்கு மேலை தலையை வைச்சுப் படுத்திட்டா. நிக்குமெண்டு எல்லாருக்கும் முந்தியே தெரியும். எப்ப திரும்ப ஓடுமெண்டும் தெரியும்.”

சந்தியில் அருந்ததியின் சோடாக் கடை இருந்தது. அவர்கள் அமர்ந்தபோதுதான் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. அதன் கைப்பிடியில் ஏழு வெட்டுத் தடி தொங்கியது.

“தடி எங்களுக்கு முந்தி வந்திட்டுது,” என்றான் மஸாஹிர் தாழ்ந்த குரலில். “அதின்ர வழியிலை யானை இல்லைப் போல.”

“ரெண்டு குளிர்ச் சோடா, பிள்ளை.”

“பெட்டி இப்பத்தான் போட்டது. குளிர ஒரு மணித்தியாலம் செல்லும்.” அருந்ததி முப்பது வயதுக்காரி, பேசும்போது கைகளை நிறுத்தாமல் போத்தல்களை அடுக்கினாள்.

“காலமை ஏன் போடேல்லை?”

அடுக்கிய கைகள் நின்றன. “ஏரம்பண்ணையைக் கொண்டு போக வந்தனீங்களோ?”

“கொண்டு போகாமல் மறிக்க வந்தனாங்கள்.”

“கொண்டு போறவையும் அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்ற அருந்ததி, தடியைக் கழற்றி உள்ளே எடுத்துச் சென்றாள். திரும்பி வரவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் வெதுவெதுப்பான சோடாவை முழுவதும் குடித்தார். பொலிஸில் இருந்த காலத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்து வயலொன்றில் நிகழ்ந்த மண்டையுடைப்பை அவர் விசாரித்திருந்தார். அந்த வழக்கின் சான்றுப் பொருளும் இப்படியொரு தடிதான். குளத்தில் நீர் குறைந்தால் வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். தடி யாரிடம் இருக்கிறதோ, நீர் அவருடைய வாய்க்காலில் ஓடும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். தடியை நேரத்துக்குக் கொடாதவருடைய மண்டைதான் அன்று உடைந்திருந்தது.

“மஸாஹிர், இந்த ஊரிலை குளத்துத் தண்ணியைப் பங்கிடுற வட்டவிதானை ஆர்?”

“ஐயாத்துரை எண்டு ஒராள். ஆனால் சேர், குளத்திலை இப்ப மாடு மேயுது.”

“அதுதான். தண்ணி இல்லாத காலத்திலை தடிக்கு என்ன வேலை?”

வட்டவிதானை ஐயாத்துரை வெடித்துக் கிடந்த குளத்தின் கட்டில் நின்றுகொண்டிருந்தார். அறுபதைக் கடந்தவர், நிமிர்ந்த உடல். கேள்வியைக் கேட்டதும் குளத்தைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“எங்கட முறை வெளியாருக்குரிய கதை இல்லை.”

“அஞ்சு மணிக்கு ஏரம்பு விலங்கோடை மறியலுக்குப் போறதும் எங்கட கதை இல்லைத்தான்,” என்றான் மஸாஹிர். “வாங்கோ சேர், போவம்.”

ஐயாத்துரையின் கை அவனுடைய தோளில் விழுந்தது. “நில்லும். மறியலோ? டீசல் கொஞ்சம் பிழைச்சுப் போச்செண்டு விசாரிக்க வருகினம் எண்டல்லோ சொன்னவை.”

கொன்ஸ்ரன்ரைன் விளக்கினார். கேட்டு முடிந்ததும் ஐயாத்துரை கட்டிலேயே குந்தினார்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தி இஞ்சின் நெடுக நிண்டு போச்சுது. அவருக்குக் கையும் வெந்து போச்சுது. அப்ப ஒராள் வந்து என்னட்டைக் கேட்டது, தண்ணியைப் போலக் கரண்டையும் முறை வைச்சுக் குடுக்கேலாதோ எண்டு. ஏன் ஏலாது? மில்லுக்குப் பதினாறு பங்கு, மரம் அரியிற வாளுக்குப் பன்னிரண்டு, சோடாப் பெட்டிக்கு ரெண்டு. கிழக்குத் தெரு ஆறரையிலயிருந்து எட்டு மட்டும் விளக்குக் கொளுத்தும். மேற்குத் தெரு எட்டிலயிருந்து ஒன்பதரை. அதுகளின்ர பிள்ளையள் அப்பதான் படிக்குங்கள். ஒரே நேரத்திலை ஓடுறதெல்லாம் கூட்டினால் நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு மாதம், ஒரு சண்டை இல்லை.”

அவருடைய குரலில் பெருமை இருந்தது. அதற்கு அவர் உரியவர்தான்.

மூன்றாவது வாசல் திறந்துவிட்டது. முன்பு மாலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் நாற்பத்தெட்டைத் தொட்ட முள், இப்போது விடியற்காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுவரை அங்கேயே நின்றது. மின்சாரத் திணைக்களத்தின் பதிவேட்டில் நாளொன்றுக்கு ஒரே கட்டம், அன்றைய உச்ச எண்ணுக்கு மட்டும். உச்சம் மாறவில்லை, அது நீடித்தது. வீட்டு மீற்றர்கள் இன்னும் வராத ஊரில் அந்த நீட்சியைக் காட்டும் வேறு பதிவு இல்லை. இரு மடங்கு டீசலும் இஞ்சினுக்குள்ளேயே எரிந்திருந்தது.

“நாங்கள் குறையப் பாவிச்சது குற்றமோ?” என்று கேட்டார் ஐயாத்துரை.

“இல்லை. ஆனால் உங்களுக்கு எவ்வளவு வேணுமெண்டு கொழும்புக்குத் தெரியாமல் போச்சுது. நாலரைக்கு எல்லாரையும் ஒரேயடியாப் போடச் சொல்லுங்கோ. முள் ஏறினால் அவர் தப்புவார்.”

ஐயாத்துரை எழுந்தார். “என்னாலை ஏலாது. குளம் நிரம்பி வான் பாயவேணும். இல்லாட்டில் முறை கேட்டவர் வந்து விடவேணும். அது வரைக்கும் முறை முறைதான். இடையிலை நான் முறிச்சால் வாற போகத்திலை என்ர சொல்லை ஆர் கேட்கிறது?”

“கேட்டவர் ஆர்?”

“ஏரம்புக்குத் தெரியக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினது. நான் சொல்லமாட்டன்.”

மணி இரண்டரை. மஸாஹிரை ஊருக்குள் அனுப்பி, வீடு வீடாகச் சொல்லச் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கொழும்புப் பொறியியலாளர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். வெள்ளை நீளக் காற்சட்டை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கொடியவரல்லர் என்பது வழக்கை மேலும் கடினமாக்கியது. கொன்ஸ்ரன்ரைன் சொன்னவற்றை அவர் இடைமறிக்காமல் கேட்டார். ஏரம்பு அப்போது வெளியே கூலர்த் தொட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நல்ல கதை,” என்றார் பொறியியலாளர். “நம்பவும் விருப்பம். ஆனால் நான் சொல்லுறதையும் கேளுங்கோ. அடுத்த பத்து வருஷத்துக்கு நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேணும், எங்க புது இஞ்சின் வைக்கிறது, மலைநாட்டு நீர்மின் கம்பியை எந்தப் பக்கத்தாலை இழுக்கிறது, எல்லாம் இந்தப் புத்தகங்களை வைச்சுத்தான் தீர்மானிக்கிறம். ஒரு புத்தகம் பொய் சொன்னால் ஓரூர் பத்து வருஷம் இருட்டிலை கிடக்கும். அதனாலைதான் இவரை விடேலாது.”

“நாலரைக்கு முள்ளைப் பாருங்கோ. முழு ஊரும் போடும்.”

நாலரைக்கு ஐந்து பேர் மீற்றருக்கு முன்னால் நின்றார்கள்: பொறியியலாளர், கொன்ஸ்ரன்ரைன், ஏரம்பு, கொன்ஸ்ரபிள்; வாசலில், ஏரம்புவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்த நாகேஸ்வரி.

முள் நாற்பத்தெட்டில் நின்றது. பின்னர் அசைந்தது.

நாற்பத்தாறு. முப்பத்துநான்கு. பதினெட்டு.

“இஞ்சின் எவ்வளவு அமைதியா ஓடுது, பாருங்கோ சேர்,” என்றார் ஏரம்பு பொறியியலாளரிடம். அவருக்கு மட்டும் அது நற்செய்தியாக இருந்தது.

மஸாஹிர் மூச்சிரைக்க ஓடி வந்தான். “சேர், மில் நிண்டிட்டுது. வாள் நிண்டிட்டுது. சோடாப் பெட்டியையும் நிப்பாட்டிப் போட்டாள். கொழும்புத் துரை நிக்கேக்கை ஏரம்பற்ற இஞ்சின் திணறக்கூடாதாம். தங்கட முறையைக்கூட விட்டுக் குடுத்திருக்கினம். நான் போடுங்கோ போடுங்கோ எண்டு கத்தினதை, அவரை மாட்டிவைக்கிற பொலிஸ்காரரின்ர வேலை எண்டு நினைச்சிட்டினம்.” ஒரு கணம் நிறுத்தினான். “இவ்வளவு மரியாதையான சனத்தை நான் கண்டதில்லை, சேர். எல்லாருமாச் சேந்து அவரைக் கொல்லப்போகினம்.”

பொறியியலாளர் பதிவேட்டை மூடினார். “மன்னிக்கவேணும். ஜீப் வர அரை மணித்தியாலம் கிடக்குது. உடுப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.”

கொன்ஸ்ரன்ரைன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கோடு ஐம்பதில் இருந்தது. பார்த்தவர் எவரும் ஐம்பதென்றுதான் சொல்வார். கொழும்பின் கடதாசிகளிலும் ஐம்பதுதான். ஆனால், ஐயாத்துரை பங்குகளைக் கூட்டி நிறுத்திய இடம் நாற்பத்தெட்டு. அந்த எண் இந்த அறையைவிட்டு எப்படி வெளியேறியது?

“ஏரம்பு, நாற்பத்தெட்டுக்கு மேலை போனால் இஞ்சின் நடுங்கும் எண்டு ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் இஞ்சினுக்கல்லோ மானக்கேடு.” ஏரம்பு சற்று யோசித்தார். “வீட்டிலை சொல்லியிருப்பன்.”

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலை நோக்கித் திரும்பினார்கள்.

நாகேஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். இரண்டு நாள்களுக்கு முன்னர் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய், என் மனுசனுக்கு இதைச் செய்தது யாரென்று கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அழுதவள் அவள். அந்த அழுகையில் நடிப்பு இருக்கவில்லை. அது யாரென்பது அவளுக்கே இப்போதுதான் விளங்கியது.

“நான்தான் வட்டவிதானையாரிட்டைப் போனனான்,” என்றாள். “கை வெந்த கிழமை. நித்திரையிலை நீங்கள் கத்துவியள், நிக்கப்போறான், நிக்கப்போறான் எண்டு. நிண்டால் வேலை போகுமெண்டு பயந்தனீங்கள். எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. சனத்தின்ர காலிலை விழுந்து கேட்டன்.”

“எதுக்கு?”

“முறை வைச்சுப் பாவிக்கச் சொல்லி.”

ஏரம்பு அதை விளங்கிக்கொள்ள நேரமெடுத்தார். “அப்ப, நான் வால்வு கழட்டினது? வடி மாத்தினது?”

அவள் இஞ்சினைப் பார்த்தாள்.

“சொல்லு.”

“இஞ்சின் பழசு,” என்றாள் நாகேஸ்வரி. “சனம்தான் தாங்கினது.”

ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஏரம்பு இஞ்சினின் சத்தத்தைக் கேட்காதவர்போல நின்றார். கொன்ஸ்ரபிள் தம் தொப்பியைக் கழற்றி, அதை எங்கே வைப்பதென்று அறியாமல் கையில் வைத்திருந்தார். மணி நாலு நாற்பது.

“தங்கச்சி,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். “முறை கேட்டவர் விட்டால்தான் முறை போகும் எண்டு வட்டவிதானையார் சொன்னவர்.”

“விட்டால் முழுச் சனமும் ஒரேயடியாப் போடும். இஞ்சின் என்னாகும்?”

“தெரியாது. உடையலாம்.”

“உடையும்,” என்றார் ஏரம்பு.

பொறியியலாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அரசாங்கச் சொத்து என்பதாக இருக்கலாம். ஆனால், அவருடைய பார்வை மூடிய பதிவேட்டில் விழுந்தது, வாயை மூடிக்கொண்டார்.

ஏரம்பு மனைவியைப் பார்க்கவில்லை. “போய் விடு,” என்றார்.

மஸாஹிர் காரை ஓட்டிய விதத்தை நெடுங்கேணிக் கோழிகள் நெடுநாள் மறக்கவில்லை. வட்டவிதானையை ஏற்றிக்கொண்டு, யன்னலால் நாகேஸ்வரி தலையை நீட்ட, கார் கிழக்குத் தெருவில் நுழைந்து மேற்குத் தெருவால் வந்தது. மின்நிலையத்தில் இருந்தவர்களுக்கு முதலில் வந்தது அவளுடைய குரல்தான். “முறையை விட்டிட்டன். எல்லாரும் போடுங்கோ. அவரைக் கொண்டு போகப்போகினம், எல்லாரும் போடுங்கோ.” தொடர்ந்து ஐயாத்துரையின் கனத்த குரல், வறண்ட ஆவணி வெயிலில், “வான் பாயுது, வான் பாயுது,” என்று அறிவித்துக்கொண்டு போயிற்று.

பின்னர் மில்லின் இரைச்சல் எழுந்தது. அதன்மேல் மரம் அரியும் வாளின் கிறீச்சிடல்.

நாற்பது. நாற்பத்தெட்டு. முள் அங்கே ஒரு கணம், பழக்கத்தால் தயங்குவதுபோல நின்றது. ஐம்பத்திரண்டு. தரை அதிர்ந்தது. அறுபது. தோட்டக் கிணறுகளின் மோட்டர்கள், சலவைக்காரரின் அழுத்திகள், பட்டப்பகலில் நூற்று நாற்பது கூரைகளின்கீழ் ஏற்றப்பட்ட விளக்குகள், எல்லாம் ஒரே கம்பியால் இந்த அறைக்குள் வந்து சேர்ந்தன. எழுபது. ஏரம்புவின் வலது கை இஞ்சினின் மேலும் இடது கை பெரிய சுவிச்சின் அருகிலும் இருந்தன. இழுத்துவிட்டால் இஞ்சின் பிழைக்கும். அவர் இழுக்கவில்லை.

முள் எண்பதில் தட்டின் விளிம்பை முட்டி, அங்கே துடித்தது. கறுத்த புகை கூரையைத் தொட்டது. இஞ்சினின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, எலும்பு முறிவதுபோல முறிந்தது. சுவிச்சு தானாக விழுந்தது.

அமைதி சந்தைவரை பரவியது.

பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டை ஏற்கெனவே கறுத்திருந்தது. பதிவேட்டைத் திறந்து, அன்றைய திகதிக்கு நேரே விரலை வைத்து, ஏரம்புவிடம் நீட்டினார்.

“எழுதுங்கோ. தொண்ணூறெண்டு போடுங்கோ. அதுக்குக் குறைவா இருந்திராது. தொண்ணூறெண்டால் புது இஞ்சினுக்கு நானே சிபாரிசு செய்வன். நூறெண்டாலும் ஆட்சேபனை இல்லை.”

ஏரம்பு பேனையை வாங்கினார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம். வேலியோரம் ஊர் கூடத் தொடங்கியிருந்தது. கச்சு முகம்மதுவின் தலை எல்லாருக்கும் மேலாகத் தெரிந்தது. படலையடியில் காரிலிருந்து நாகேஸ்வரி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்கோ, ஏரம்பு,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். அவர் யாரையும் அவசரப்படுத்துபவரல்லர்.

“தொண்ணூறை நான் காணேல்லை, ஐயா.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே,” என்றார் பொறியியலாளர்.

“இருக்கும். ஆனால் நான் முள் நிண்ட இடத்தைத்தான் எழுதுறனான்.”

அவர் நிதானமாக எழுதினார். ஒரு கட்டத்துக்குள் அடங்காததால் எழுத்து ஓரத்துக்கு ஏறியது: ‘எண்பதில் முள் விளிம்பை முட்டியது. அதற்குமேல் தட்டில் எண் இல்லை. ஊருக்கு எவ்வளவு வேண்டுமென்று இந்த மீற்றரால் சொல்ல முடியாது.’

பொறியியலாளர் அதை இரண்டுமுறை வாசித்தார். முந்தைய இருபத்திரண்டு மாதங்களின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒவ்வொரு நாற்பத்தெட்டின்மேலும் அவருடைய விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. இறுதியில் ஏரம்புவின் வரிகளுக்குக் கீழே தமது கையொப்பத்தை இட்டார்.

ஜீப் வந்தது. கொன்ஸ்ரபிள் எழுந்து பொறியியலாளரைப் பார்த்தார். “இந்தப் புத்தகத்தை நான் கொண்டு போறன்,” என்றார் பொறியியலாளர். “வேறை ஒருத்தரும் வரவேண்டியதில்லை.” பிறகு ஏரம்புவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “புது இஞ்சின் வர எட்டு மாதமாகும். அதுவும் கெதியா நடந்தால்.”

“அதுவரைக்கும் ஊர் வைத்தியசாலைக்குக் கரண்ட்?” என்று கேட்டார் ஏரம்பு.

பொறியியலாளர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனபின் மஸாஹிர் நகைச்சுவையாக ஏதேனும் சொல்வான் என்று கொன்ஸ்ரன்ரைன் எதிர்பார்த்தார். அவன் காரின் முன்மூடியில் சாய்ந்து, வேலியோரத்துச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் கலைந்து போகவில்லை. ஒருவரும் உள்ளே வரவுமில்லை.

“வென்றிட்டமோ, சேர்?” என்று கடைசியில் கேட்டான்.

“ஒருத்தரை மீட்டிருக்கிறம்.”

உள்ளே ஏரம்பு இஞ்சினின் பக்கத்து மூடியைக் கழற்றத் தொடங்கினார். திருகாணி சூட்டில் இறுகியிருந்தது. நாகேஸ்வரி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரத் துணியவில்லை.

“என்னை ஏசுங்கோ,” என்றாள். “ஒண்டும் கதைக்காமல் நிக்காதேங்கோ.”

அவர் திரும்பவில்லை. திருகுசாவியைத் தரையில் வைத்தார். கரி படிந்த உள்ளங்கையை இஞ்சினின் மேல் வைத்துப் பார்த்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார்.

“இரு,” என்றார். “ஆறட்டும்.”

அவள் படியிலேயே இருந்தாள்.